கம்பைலர் எச்சரிக்கையும் மூன்று ஜிபி கோப்பும்

சி மொழி பழகுகிறவர்கள் சொந்தமாக ஒரு சின்ன டெக்ஸ்ட் எடிட்டர் எழுதிப் பார்ப்பது நல்ல பயிற்சி. கோப்பைத் திறக்க வேண்டும், திரையில் காட்ட வேண்டும், தட்டுகிற எழுத்தைச் சேர்க்க வேண்டும், சேமிக்க வேண்டும். எழுதி முடித்துக் கம்பைல் செய்தால், அதாவது கணினி ஓட்டக்கூடிய நிரலாக மாற்றும்படி கம்பைலரிடம் கொடுத்தால், முப்பது நாற்பது எச்சரிக்கைகள் திரையில் ஓடும். ஆனாலும் நிரல் உருவாகிவிடும், ஓடவும் செய்யும். பிழை என்றால் கம்பைலர் நிரலை உருவாக்கவே மறுத்துவிடும். எச்சரிக்கை அப்படியல்ல, உருவாக்கிக் கொடுத்துவிட்டு, "இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம்" என்று சொல்லிவைக்கும். ஓடுகிற நிரலைக் கையில் வைத்துக்கொண்டு சந்தேகங்களைப் படிக்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை.

ஒரு எடிட்டரைப் பொறுத்தவரை அந்தச் சந்தேகங்களில் பல ஒரே கேள்விதான்: இந்த எண் நீ நினைத்ததைவிடப் பெரிதாக வந்தால் என்ன ஆகும்? அந்தக் கேள்விக்கு நாம் எழுதிய பதில் சரியா என்பது பெரிய கோப்பு ஒன்றைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். அதனால் எச்சரிக்கைகளைத் திருத்துவதையும் பெரிய கோப்பால் சோதிப்பதையும் நான் ஒரே வேலையின் இரண்டு கைகளாகவே பார்க்கிறேன்.

முதலில் மிகவும் சாதாரணமான எச்சரிக்கையை எடுத்துக்கொள்வோம். ஒரு சரத்தின், அதாவது எழுத்துத் தொடரின், நீளத்தை ஸ்டர்லென் என்ற ஃபங்ஷனிடம் கேட்டு, வருகிற எண்ணை முழு எண்களுக்கான இன்ட் வகை மாறி ஒன்றில் வைக்கிறோம். புத்தகங்களில் ஆயிரம் முறை பார்த்த வரிதான். ஆனால் ஸ்டர்லென் திருப்பித் தருவது இன்ட் அல்ல, சைஸ்-டி என்ற வகை. இன்றைய 64 பிட் கணினியில் சைஸ்-டி எட்டு பைட் அகலம். இன்ட் நான்கு பைட். எட்டு பைட் எண்ணை நான்கு பைட் இடத்தில் வைத்தால் மதிப்பு மாறக்கூடும் என்று ஜிசிசி என்ற கம்பைலர் சொல்லும். விஷுவல் ஸ்டுடியோவின் கம்பைலர் இதையே சி4267 என்ற எண்ணுடன், தரவு இழப்பு நேரலாம் என்று சொல்லும். மரக்கால் நெல்லை உழக்கில் கொட்டுகிறாய் என்பதுதான் விஷயம்.

நெல் சிந்தினால் கண்ணுக்குத் தெரியும். எண் சிந்தினால் தெரியாது. இன்ட்-இல் வைக்கக்கூடிய மிகப் பெரிய எண் 2,147,483,647. இரண்டு ஜிபி என்பது 2,147,483,648 பைட். ஒரே ஒரு பைட் கூடுதல்! ஆகவே இரண்டு ஜிபி-யைத் தொட்ட கணத்தில் இன்ட் உடைகிறது. மூன்று ஜிபி கோப்பின் நீளம் 3,221,225,472. அதை இன்ட்-இல் போட்டால் நாம் பயன்படுத்தும் கணினிகளில் எல்லாம் அது −1,073,741,824 ஆகிவிடும். அந்த எண்ணைக் கொடுத்து மெமரி கேட்டால் கிடைக்காது, எடிட்டர் அங்கேயே விழும். விழுந்தால் நல்லது, ஏனென்றால் தவறு வெளியே வந்துவிட்டது. ஐந்து ஜிபி கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 5,368,709,120 என்ற நீளத்தில் கீழ் நான்கு பைட்டுகள் மட்டும் மிஞ்சினால் கிடைப்பது 1,073,741,824. எதிர்மறை இல்லை, சந்தேகத்துக்கு இடமே இல்லாத, சரியாக ஒரு ஜிபி. எடிட்டர் முதல் ஒரு ஜிபி-யை மட்டும் படித்து அழகாகக் காட்டும். பயனர் ஒரு எழுத்தைத் திருத்திவிட்டுச் சேமிப்பார். மீதி நான்கு ஜிபி போய்விடும். ஒரு பிழைச் செய்தி கூட வராது.

இந்த இழப்பைத்தான் கம்பைலர் முன்கூட்டியே சொன்னது. அதுவும் நாம் கேட்டால்தான் சொல்லும் என்பது புதிதாக வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டிய செய்தி. ஜிசிசி-யில் டபிள்யூ-ஆல் என்றொரு விருப்பம் உண்டு. பெயரில் "ஆல்" இருந்தாலும் எல்லா எச்சரிக்கைகளையும் அது தராது. டபிள்யூ-எக்ஸ்ட்ரா சேர்த்தால் இன்னும் கொஞ்சம் வரும். மேலே சொன்ன அகலக் குறைப்பு எச்சரிக்கை இந்த இரண்டிலுமே இல்லை. டபிள்யூ-கன்வர்ஷன் என்று தனியாகக் கேட்க வேண்டும். கேட்டுவிட்டால் நாற்பது எச்சரிக்கைகள் நானூறு ஆகலாம். பயப்பட வேண்டாம். பெரும்பாலும் நாலைந்து மாறிகளின் வகை தவறாக இருப்பதன் எதிரொலிதான் அத்தனையும்.

லாங் என்ற வகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இன்ட் போதாது என்று தெரிந்ததும் பலர் லாங்-க்கு மாறுகிறார்கள். 64 பிட் லினக்ஸில் லாங் எட்டு பைட், பிரச்சினை தீர்ந்தது போலத் தோன்றும். 64 பிட் விண்டோஸில் லாங் இன்னும் நான்கு பைட்தான். கோப்பில் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று சொல்லும் எஃப்டெல் ஃபங்ஷன் திருப்பித் தருவதும் லாங் என்பதால், அதை நம்பிக் கோப்பின் அளவைக் கணக்கிடும் எடிட்டர் லினக்ஸில் சரியாக ஓடி விண்டோஸில் இரண்டு ஜிபி-யில் நின்றுவிடும்.

வாயை மூடுவதும் திருத்துவதும்

எச்சரிக்கையை நீக்க மிகச் சுலபமான வழி, வரியில் அடைப்புக்குறிக்குள் இன்ட் என்று எழுதிவிடுவது. காஸ்ட் என்பார்கள். "தெரிந்துதான் செய்கிறேன்" என்று கம்பைலரிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்குச் சமம். எச்சரிக்கை மறைந்துவிடும், ஐந்து ஜிபி கோப்பு முன்போலவே ஒரு ஜிபி ஆகும். முன்பு தவறு இருந்தது, அதைச் சுட்டிக்காட்ட ஒரு குரலும் இருந்தது. இப்போது தவறு மட்டும் இருக்கிறது. எச்சரிக்கையைத் திருத்தாமல் விட்டு வைப்பது, யோசிக்காமல் காஸ்ட் போடுவதைவிட மேல் என்பது என் உறுதியான கருத்து.

சரியான திருத்தம் எச்சரிக்கை வந்த வரியில் இருப்பது அபூர்வம். அந்த எண் எங்கே பிறக்கிறது, எந்தெந்த ஸ்ட்ரக்ட், ஃபங்ஷன் வழியாகப் போகிறது, எங்கே முடிகிறது என்று பின்தொடர வேண்டும். கோப்பின் நீளம், கர்சர் நிற்கும் இடம், தேர்ந்தெடுத்த பகுதியின் தொடக்கமும் முடிவும், தேடலில் கிடைத்த இடம், இவை எல்லாமே "கோப்பில் ஒரு இடம்" என்ற ஒரே வகைப் பொருள்கள். அவற்றுக்கு நாமே ஒரு வகைப்பெயர் வைத்து, அதை ஒரே இடத்தில் வரையறுத்துவிட வேண்டும். சிந்தில்லா என்ற எடிட்டர் நூலகம் இதைத்தான் செய்திருக்கிறது. நோட்பேட்++ இந்த நூலகத்தின் மேல் கட்டப்பட்டது. அதில் இடங்களைக் குறிக்க "பொசிஷன்" என்றே ஒரு வகை உண்டு. அதன் அடியில் இருப்பது குறியுடைய (எதிர்மறை எண்ணையும் ஏற்கும்), கணினியின் முகவரி அளவுக்கு அகலமான பிடிஆர்டிஃப்-டி.

ஏன் குறியுடைய வகை, சைஸ்-டி-யையே வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. சைஸ்-டி-யில் எதிர்மறை எண் கிடையாது. கோப்பின் கடைசியிலிருந்து பின்னோக்கித் தேடும் ஒரு சுழற்சி இருக்கிறது என்று வையுங்கள்: இடம் பூஜ்யத்துக்குக் குறையாத வரை ஒன்று ஒன்றாகக் குறை. இன்ட்-ஆக இருந்தவரை இது சரி. எச்சரிக்கையைப் போக்குவதற்காக அந்த மாறியைச் சைஸ்-டி ஆக மாற்றினால், பூஜ்யத்திலிருந்து ஒன்றைக் கழித்ததும் −1 வராது, 18,446,744,073,709,551,615 வரும். அது பூஜ்யத்தைவிடப் பெரியதுதானே? சுழற்சி நிற்காது, நினைவகத்துக்கு வெளியே போய்விடும். ஒரு எச்சரிக்கையைத் திருத்தப் போய்ப் புதிதாக ஒரு பிழையைப் பெற்றுவிட்டோம். டபிள்யூ-எக்ஸ்ட்ரா இருந்தால், இந்த ஒப்பீடு எப்போதும் உண்மையாகவே இருக்கும் என்று ஜிசிசி இங்கேயும் சொல்லும்.

இதன் தங்கையைப் போல இன்னொன்று. தேடிய சொல் கிடைக்கவில்லை என்றால் −1 திருப்பித் தருவது வழக்கம். அந்த −1-ஐச் சைஸ்-டி நீளத்தோடு ஒப்பிட்டால் சி மொழியின் விதிப்படி −1-உம் குறியில்லாத எண்ணாக மாறி, உலகத்திலேயே பெரிய எண்ணாக நிற்கும். குறியுடையதையும் குறியில்லாததையும் ஒப்பிடுகிறாய் என்ற எச்சரிக்கை வரும்போது, எதிர்மறை மதிப்பு அங்கே வர வாய்ப்புண்டா என்பதை மட்டும் பாருங்கள். உண்டு என்றால் முதலில் அதைத் தனியாகச் சோதித்துவிட்டுப் பிறகு ஒப்பிடுங்கள்.

திருப்பித் தந்த எண்ணைப் பார்க்காமல் விடுவது

உபுண்டு லினக்ஸில், நிரலை வேகப்படுத்தும் ஆப்டிமைசேஷன் விருப்பத்தோடு கம்பைல் செய்தால், கோப்பில் எழுதும் ரைட் அழைப்பு திருப்பித் தரும் மதிப்பை நீ கவனிக்கவில்லை என்று ஒரு எச்சரிக்கை வரும். எழுதச் சொன்னோம், எழுதியிருக்கும், இதில் கவனிக்க என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும்.

லினக்ஸில் ஒரு ரீட் அல்லது ரைட் அழைப்பு ஒரு தடவையில் அதிகபட்சம் 2,147,479,552 பைட்தான் நகர்த்தும். 64 பிட் கணினியாக இருந்தாலும் இதே கணக்குதான். மூன்று ஜிபி-யை ஒரே அழைப்பில் எழுதச் சொன்னால் அவ்வளவை மட்டும் எழுதிவிட்டு, எழுதிய அளவைத் திருப்பிச் சொல்லும். அது தவறு அல்ல, அதன் ஒப்பந்தமே அதுதான். மிச்சத்தை நாம்தான் சுழற்சி போட்டு எழுத வேண்டும். திரும்பி வந்த எண்ணைப் பார்க்காதவருடைய கோப்பு இரண்டு ஜிபி-க்குச் சற்றுக் குறைவான இடத்தில் வெட்டுப்பட்டு நிற்கும். ஒரு கேபி, பத்து எம்பி கோப்புகளில் இந்த நிரல் பத்து வருடம் சரியாக ஓடியிருக்கலாம். டிஸ்க் நிறைந்துபோனாலும் இதே இடத்தில்தான் தெரியவரும் என்பதால், இந்த ஒரு எச்சரிக்கையைத் திருத்தினால் இரண்டு பலன்.

தமிழ் எழுத்தும் எதிர்மறை எண்ணும்

தமிழில் வேலை செய்கிறவர்கள் கட்டாயம் மதிக்க வேண்டிய எச்சரிக்கை ஒன்று இருக்கிறது. எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. இன்டெல், ஏஎம்டி கணினிகளில் எழுத்துக்கான ஜிசிசி-யின் சார் வகை குறியுடையது, −128 முதல் 127 வரைதான் பிடிக்கும். அங்கே 224 என்பது −32 ஆகிவிடும். "இந்த பைட் 224-ஆ?" என்று கேட்டு எழுதிய வரி ஒருநாளும் ஆம் என்று சொல்லாது. இந்த ஒப்பீடு எப்போதும் பொய் என்று எச்சரிக்கை வரும், படித்தால்.

இதைவிட மோசமானது, எழுத்து வகைகளை 256 இடமுள்ள ஒரு அட்டவணையில் வைத்து, பைட்டையே அதன் இடஎண்ணாகப் பயன்படுத்துவது. ஆங்கிலக் கோப்பில் எந்தச் சிக்கலும் இல்லை. தமிழ்க் கோப்பைத் திறந்ததும் −32-ஆவது இடத்தைத் தேடி, அட்டவணைக்கு முன்னால் இருக்கும் யாருடையதோ நினைவகத்தைப் படிக்கும். அட்டவணையின் இடஎண் சார் வகையில் இருக்கிறது என்ற எச்சரிக்கை டபிள்யூ-ஆல்-இலேயே உண்டு. இந்த நிரலையே ராஸ்பெர்ரி பை-யில் லினக்ஸ் போட்டு ஓட்டினால் சரியாக ஓடும், ஏனென்றால் ஏஆர்எம் லினக்ஸில் சார் குறியில்லாதது. "என் கணினியில் சரியாகத்தான் இருக்கிறது" என்ற பேச்சு பிறப்பது இப்படித்தான். இங்கே பைட்டை அன்சைன்ட் சார் ஆகக் காஸ்ட் செய்வதுதான் முறையான திருத்தம். மேலே காஸ்ட்டைத் திட்டினேன். இங்கே அது உண்மையைச் சொல்கிறது. பைட் என்பது 0 முதல் 255 வரையான எண் என்பதே உண்மை.

பெரிய கோப்பு என்றால் எவ்வளவு பெரிது

விண்டோஸ் 95 காலத்து நோட்பேட் 64 கேபி-க்கு மேல் திறக்காது. வேர்ட்பேடில் திறக்கட்டுமா என்று கேட்கும். நோட்பேட்++ 2022-இல் வந்த 8.3 பதிப்பில்தான் இரண்டு ஜிபி-யைத் தாண்டியது, அதுவும் 64 பிட் பதிப்பில் மட்டும். இடங்களின் வகையை அகலப்படுத்தியதால் பழைய 64 பிட் ப்ளகின்கள் (துணை நிரல்கள்) உடைந்தன. அவற்றை மறுபடி கம்பைல் செய்ய வேண்டியிருந்தது. வகையை மாற்றுவது எவ்வளவு தூரம் பரவும் என்பதற்கு இது நல்ல சாட்சி.

ஆனால் பைட் கணக்கு மட்டும் பெரிய கோப்பு ஆகிவிடாது. விஷுவல் ஸ்டுடியோ கோட் எடிட்டர் 2018-இல் தன் உள்கட்டமைப்பையே மாற்றி எழுதியதற்குத் தூண்டுதலாக இருந்த ஒரு கோப்பின் அளவு வெறும் 35 எம்பி. அதில் 1 கோடியே 37 லட்சம் வரிகள் இருந்தன. வரிக்கு ஒரு ஆப்ஜெக்ட் என்ற அமைப்பு, 35 எம்பி கோப்புக்குச் சுமார் 600 எம்பி நினைவகம் கேட்டது. இதற்கு நேர்மாறு, வரிமுறிவே இல்லாத ஒற்றை நீள வரி. இடைவெளி நீக்கிய, ஜேசன் என்ற தரவு வடிவக் கோப்புகள் அப்படித்தான் வரும். ஒரு வரியின் நீளம் சில ஆயிரத்தைத் தாண்டாது என்று நம்பி எழுதிய எல்லா இடமும் அங்கே திணறும்.

சோதனைக் கோப்பை எங்கும் தேட வேண்டாம், நாமே செய்யலாம். லினக்ஸில் ட்ரங்கேட் கட்டளையால் மூன்று ஜிபி கோப்பை ஒரு நொடியில் உண்டாக்கலாம். டிஸ்கில் அது கிட்டத்தட்ட இடமே பிடிக்காது. ஆனால் உள்ளே முழுவதும் பூஜ்ய பைட்டுகள், வரிமுறிவு ஒன்றுகூட இல்லை. அளவுச் சோதனைக்கு உதவும், உரைச் சோதனைக்கு உதவாது. யெஸ் என்ற கட்டளை நாம் கொடுக்கும் சொல்லை நிறுத்தாமல் வரி வரியாக எழுதிக்கொண்டே இருக்கும். அதற்கு "வணக்கம்" என்று கொடுத்து, வெளியீட்டை ஹெட் கட்டளையால் மூன்று ஜிபி-யில் வெட்டிக் கோப்பில் சேமியுங்கள். வணக்கம் என்பதில் ஏழு குறியீடுகள் (புள்ளிகளும் தனிக் குறியீடுகளே), 21 பைட்; வரிமுறிவோடு 22. மூன்று ஜிபி-யில் 14,64,19,339 முழு வரிகள் அடங்கி, 14 பைட் மிச்சம் இருக்கும். அந்தக் கடைசித் துண்டில் "வணக்" வரை முழுதாக இருக்கும். அடுத்த ககரத்தின் முதல் இரண்டு பைட் மட்டும் இருந்து, மூன்றாவது இருக்காது. பாதியில் உடைந்த எழுத்தோடு முடியும் கோப்பை எடிட்டர் எப்படிக் காட்டுகிறது, அந்த இரண்டு பைட்டையும் சேமிக்கும்போது காப்பாற்றுகிறதா என்பதும் சேர்த்தே சோதனையாகிவிடுகிறது.

நினைவகக் கணக்கையும் இதே கோப்பில் பார்க்கலாம். ஒவ்வொரு வரியும் எங்கே தொடங்குகிறது என்று எடிட்டர் ஒரு பட்டியல் வைத்திருக்கும். வரிக்கு நான்கு பைட் என்றால் இந்தக் கோப்புக்குச் சுமார் 58 கோடி பைட். எட்டு பைட் என்றால் 117 கோடி. எல்லாவற்றையும் எட்டு பைட் ஆக்கிவிட்டால் போயிற்று என்று சொல்ல முடியாததன் காரணம் இதுதான். சிந்தில்லா, பெரிய ஆவணம் என்று தனியாகக் கேட்டால் மட்டும் அகலமான பட்டியலைப் பயன்படுத்துகிறது. நிறம் பிரித்துக் காட்டுவதற்காக உரையின் ஒவ்வொரு பைட்டுக்கும் இன்னொரு பைட் வைக்கும் வழக்கமும் அதில் உண்டு. வேண்டாம் என்றால் அதையும் நிறுத்திவிடலாம்.

வரிப்பட்டியலை வளர்க்கும் விதத்தையும் கவனியுங்கள். ஒவ்வொரு வரிக்கும் ஒரு இடம் மட்டும் கூடுதலாகக் கேட்டு, ஒவ்வொரு முறையும் பழையதை எல்லாம் புது இடத்துக்கு நகலெடுக்க நேர்ந்தால், ஆயிரம் வரிக்கு ஐந்து லட்சம் நகல், யாருக்கும் தெரியாது. ஒரு லட்சம் வரிக்கு 500 கோடி. இடம் தீரும்போதெல்லாம் இரட்டிப்பாக்கினால் மொத்த நகல் வரி எண்ணிக்கையின் இரு மடங்குக்குள் அடங்கிவிடும். இந்த வகைத் தவறுக்குக் கம்பைலர் எச்சரிக்கையே தராது. பெரிய கோப்பு மட்டும்தான் காட்டிக்கொடுக்கும்.

துண்டு துண்டாகப் படிக்கும் எடிட்டர்களில் ஒரு தமிழ்க் கண்ணி இருக்கிறது. 64 கேபி துண்டு என்பது 65,536 பைட். அதை மூன்றால் வகுத்தால் 21,845 போக ஒன்று மிஞ்சும். தொடர்ந்து தமிழ்க் குறியீடுகளாகவே இருக்கும் ஒரு வரியில், 21,846-ஆவது குறியீட்டின் முதல் பைட் இந்தத் துண்டிலும் மற்ற இரண்டும் அடுத்த துண்டிலும் விழும். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக யூடிஎஃப்-8 என்று பிரித்தால் அங்கே ஒரு கேள்விக்குறிக் கட்டம் முளைக்கும். துண்டின் அளவை 128 கேபி ஆக்கினாலும் தப்ப முடியாது. இரண்டின் எந்த அடுக்கும் மூன்றால் மீதியின்றி வகுபடாது.

இந்தச் சோதனைக்கு ஒவ்வொரு தடவையும் பெரிய கோப்பு தேவையில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த உத்தி. கோப்பைப் பெரிதாக்குவதற்குப் பதில் எடிட்டரின் எல்லையைச் சிறிதாக்குங்கள். சோதனைப் பதிப்பில் துண்டின் அளவை ஏழு பைட் என்று வையுங்கள். "வணக்கம்" என்ற ஒரே சொல்லில் இரண்டு எழுத்துகள் துண்டுகளுக்கிடையே வெட்டுப்படும். அதேபோல இடங்களுக்கென்று ஒரே வகைப்பெயர் வைத்தோமே, சோதனைப் பதிப்பில் மட்டும் அதை 16 பிட் ஆக்கிவிடுங்கள். இப்போது எல்லை 32,767 பைட். அந்த வகையில் வைத்த எண் சிந்துமிடங்கள் 40 கேபி கோப்பிலேயே வெளிவரும், சோதனையும் நொடியில் முடியும். எல்லை மீறுவதை எடிட்டர் கண்டுபிடித்து, "இவ்வளவு பெரிய கோப்பைத் திறக்க முடியாது" என்று மரியாதையாகச் சொல்கிறதா என்பதையும் இதிலேயே பார்த்துவிடலாம். எந்த எடிட்டருக்கும் ஏதோ ஒரு எல்லை இருக்கும். அதைச் சொல்லாமல் கோப்பை வெட்டுவதுதான் குற்றம்.

வேலையைத் தொடங்கும்போது எல்லா எச்சரிக்கைகளையும் ஒரே நாளில் துடைக்க முயலாதீர்கள். ஒரு வகையை மட்டும் எடுத்து, முழு நிரலிலும் அதை முடித்து, பெரிய கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு அடுத்த வகைக்குப் போங்கள். ஒரு வகை பூஜ்யத்துக்கு வந்ததும், அந்த வகையை மட்டும் பிழையாக மாற்றும்படி கம்பைலரிடம் சொல்லிவிடலாம். பிறகு அது திரும்ப நுழையாது. எல்லா எச்சரிக்கையையும் பிழையாக்கும் டபிள்யூ-எரர் விருப்பத்தைப் பிறருக்குக் கொடுக்கும் மூலநிரலில் நிரந்தரமாக வைக்காதீர்கள். நாளை வரும் புதிய ஜிசிசி ஒரு புது எச்சரிக்கையைக் கற்றுக்கொண்டு வந்தால், உங்கள் எடிட்டரை அவர்களால் கட்டவே முடியாமல் போகும்.

கடைசியாகச் செய்ய வேண்டிய சோதனை எளியது. மூன்று ஜிபி கோப்பைத் திறங்கள். இறுதி வரிக்குப் போங்கள். அங்கே ஒரு எழுத்தைச் சேர்த்து, உடனே அன்டூ செய்யுங்கள். வேறு பெயரில் சேமியுங்கள். இரண்டு கோப்புகளையும், பைட் பைட்டாக ஒப்பிடும் சிஎம்பி கட்டளையிடம் கொடுத்துக் காத்திருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் அது ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிவிடும். வேறுபட்டால் எந்த பைட்டில் என்று எண்ணோடு சொல்லும். அந்த எண் 2,147,483,648-ஐ ஒட்டியோ 2,147,479,552-ஐ ஒட்டியோ இருந்தால், எந்த எச்சரிக்கையைத் தேடிப் போக வேண்டும் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.